சாமிக்கு வாசிக்கிறது

காரைக்குடி சகோதரர்களின் படம் ஒன்றைச் சங்கீதம் கேட்கிறவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தித் தோளோடு அணைத்திருப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் எல்லோரையும் போலக் கிடையாக வைத்திருப்பார். தகப்பனாரிடமே கற்ற இருவர், ஒரே பாடாந்தரம், பிடிக்கிற விதம் மட்டும் வேறு. அண்ணன் வாசித்த முறையை ஊர்த்துவ வீணை என்பார்கள். இரண்டு வீணையும் சேர்ந்து, ராகத்தை லயத்தோடு விரிக்கிற தானத்தை வாசிக்க, பக்கத்தில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் மிருதங்கம். அந்தக் கூட்டைக் கேட்டவர்கள் அதன்பின் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை என்றுதான் சொல்லிப் போனார்கள்.

அது எங்கள் ஊரில் ஒலித்தது. கொப்புடையம்மன் தேரோடுகிற அதே ஊரில். இன்று நான் காரைக்குடிக்குப் போனால் எந்தத் தெருவிலும் மாலையில் வீணைச் சத்தம் காதில் விழுவதில்லை. எனக்கு வயது எழுபதைத் தொடப்போகிறது. விட்டு வந்தவை நிறைய. அவற்றில் பலவற்றுக்கு மனம் ஆறிவிட்டது. இது ஒன்றுக்கு ஆறவில்லை.

சகோதரர்களின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பம். தகப்பனார் சுப்பையா ஐயர் புதுக்கோட்டை சமஸ்தானத்து வித்வான். பிள்ளைகள் காரைக்குடிக்கு வந்து ஊர்ப் பெயரோடு புகழ் பெற்றார்கள். 1930-களில் அண்ணன் காலமானார். இரண்டு வீணைக்காகவே அமைந்த வாசிப்பை ஒரு வீணையில் தொடர வேண்டிய நிலை தம்பிக்கு. அந்த வருடங்களிலேயே தட்சிணாமூர்த்தி பிள்ளையும் போய்விட்டார். தம்பி மனம் தளர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கற்றுக்கொடுப்பதில் இறங்கினார். சின்னஞ்சிறு பெண்ணாக அவருடைய குருகுலத்துக்கு வந்து சேர்ந்த ரங்கநாயகி ராஜகோபாலன் பின்னாளில் அந்தப் பாணியின் பெரிய பெயராக ஆனார். விடியுமுன் எழுந்து சாதகம் செய்ய வேண்டும், குரு அடுத்த அறையில் இருந்தாலும் ஒரு கமகம் பிசகினால் தெரிந்துவிடும், அப்படிப்பட்ட குருகுலம்.

பிறகு சாம்பசிவ ஐயர் எங்கள் பக்கத்தை விட்டே போனார். ருக்மிணி தேவி அழைத்து, அவர் நிறுவிய அடையாறு கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1952-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. அதே ஆண்டு சங்கீத நாடக அகாடமி விருது. 1958-இல் மறைந்தார். அண்ணனின் பேத்தி ராஜேஸ்வரி பத்மநாபன் கலாக்ஷேத்ராவில் வளர்ந்தார். அவருடைய தம்பி சுப்பிரமணியனை சாம்பசிவ ஐயர் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். சுப்பிரமணியன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பி, 1989-இல் சென்னையில் பிருஹத்வனி என்ற இசை மையத்தைத் தொடங்கினார். வீணை பிழைத்தது, வளர்ந்தது, கடல் தாண்டியது. ‘காரைக்குடி’ என்ற பெயரும் கூடவே போயிற்று. ஊர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஏன் போனார் என்று கேட்டால் ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடங்களில் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த எங்கள் செட்டியார் வீட்டுக் கணக்குப் புத்தகங்களே சொல்லும். 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மியக் குடியானவர்களால் கட்ட முடியாமல் போய், நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு. வேண்டி வாங்கிய சொத்து இல்லை அது, வந்து ஒட்டிக்கொண்டது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். ரங்கூன் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கால்நடையாக வந்தவர்களின் கதை இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியபோது அந்தச் சாவிகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கடை லாபத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கம். கோயில் திருப்பணி, வேத பாடசாலை, தேவாரம் பாடுகிற ஓதுவார், கல்யாணத்து நாதசுரம், நவராத்திரிக் கச்சேரி எல்லாம் அந்த மாதிரிப் பணத்தில் ஓடியவைதான். இதை நான் பல காலம் யோசித்திருக்கிறேன்: எங்கள் ஊரில் அர்ச்சகருக்கும் வித்வானுக்கும் படியளந்தது ஒரே பெட்டகம். சாமி காரியமும் சங்கீதமும் தனித்தனிச் செலவாக எழுதப்படவில்லை. பெட்டகம் காலியானபோது கோயிலைக் காப்பாற்றிக்கொண்டோம். பிள்ளையார்பட்டியும் மற்ற ஊர்க்கோயில்களும் இன்றைக்கும் தேய்த்த விளக்காகப் பளிச்சென்று இருக்கின்றன. சங்கீதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அது எழும்பூருக்கு ரயில் ஏறிவிட்டது.

அது ஒன்று மட்டும் போகவில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1940-களில் காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தார், 1947-இல் படம் வெளிவந்தது, சீக்கிரமே ஸ்டூடியோவும் வடபழனிக்குப் போயிற்று. பக்கத்து அரியக்குடியில் பிறந்த ராமானுஜ ஐயங்கார் இன்று எல்லா மேடையிலும் பின்பற்றுகிற கச்சேரி முறையை வகுத்தவர். அந்த முறையில் நடக்கிற கச்சேரியைக் கேட்க அரியக்குடிக்காரர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும். மறுபக்கம், அழகப்பச் செட்டியார் கொடுத்த கொடையால் கல்லூரி வந்தது, மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியில் படித்துத்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

என் ஆயா, என் பாட்டி, வீணை வாசிப்பார்.

ஆயாவின் வீடு பெரியது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும். ஆண்கள் எல்லோரும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போய், பாதிப்பேர் திரும்பி, மீதிப்பேர் கடிதமாக மட்டும் இருந்த வீடு. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஆயா குளித்து, கண்டாங்கிச் சேலை மாற்றி, சாமி வீட்டில் விளக்கு வைப்பார். பிறகு வளவில் பாய் போட்டு வீணையின் உறையைக் கழற்றுவார். பெரிய வித்வாம்சம் கிடையாது. சின்ன வயதில் வீட்டுக்கு வந்து போன பாட்டு வாத்தியாரிடம் கற்ற சில வர்ணங்களும் கீர்த்தனங்களும்தான். ஆனால் தானம் வாசிப்பார். அதைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பார், ஆனாலும் விடமாட்டார். காரைக்குடி பாணியில் தானம்தானே உயிர். அந்தக் காற்றைச் சுவாசித்த ஊரில் பிறந்தவர் அதைத் தொடாமல் எப்படி எழுந்திருப்பார்?

வீணை வாசிப்பைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதில் எவ்வளவு உடல் இருக்கிறது என்று. இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி உரசி உரசிக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அங்கே தோல் காய்ப்பேறி, ஊசி குத்தினாலும் தெரியாது. தந்தியை மெட்டின் மேல் வைத்துப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஒரே மெட்டில் இரண்டு மூன்று சுரம் பேசும். இழுக்கிற அளவு ஒரு மயிரிழை கூடினால் ராகம் வேறு முகம் காட்டிவிடும். வலது கையில் இரண்டு விரல் மீட்ட, சுண்டுவிரல் பக்கத்தில் ஓடுகிற மூன்று தாளத் தந்திகளையும் தட்டிக்கொண்டே இருக்கும். ஆயாவின் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்தே போயிருந்தது. சுரைக்காய் தொடையில் படிந்திருக்கும். தரையில் உட்கார்ந்து குடத்தின் பக்கம் கையை வைத்துப் பார்த்தால் சத்தம் நின்ற பிறகும் மரத்துக்குள் ஒரு நடுக்கம் மிச்சம் இருக்கும். அது எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு.

ஒருநாள் வாசிப்புக்கு நடுவில் ஏதோ கேட்டேன். ஆயா கையை நிறுத்தாமலே சொன்னார்: “இது சாமிக்கு வாசிக்கிறது ஆத்தா. கேக்கணும்னா கேளு, பேசாதே.”

வீட்டில் விருந்தாளிகள் வந்து, “ஆச்சி, ஒரு பாட்டு வாசிங்களேன்” என்று கேட்டால் வாசிக்க மாட்டார். திமிர் என்று சிலர் நினைத்தார்கள். யாரும் இல்லாத நாளில் அதே வாசிப்பு ஒரு மணி நேரம் நடக்கும். காய்ச்சல் நாளில்கூட உறையைக் கழற்றிச் சுருதி சேர்த்து, ‘ஸ-ப-ஸ’ மட்டுமாவது மீட்டிவிட்டு மூடுவார். வீட்டில் அர்ச்சனை செய்கிற உரிமை பெண்ணுக்கு இல்லாத காலம் அது. முன்னோருக்கான படைப்பிலும் பூசையிலும் ஆண்கள்தான் முன்னால் நிற்பார்கள். வீணை ஒன்றுதான் ஆயா தன் கையால், யாரையும் கேட்காமல், சாமிக்குச் செய்த காரியம்.

ஏக்கம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டக் கூடாது. அந்த வளவில் வீணை கேட்ட காலத்தில் எங்கள் தெருவின் பாதிப்பேர் வாசற்படி ஏறியிருக்க மாட்டார்கள். 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் வைத்தியநாத ஐயர் துணையோடு நுழைந்தபோது எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த வாசிப்பு திரும்ப வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த வாசற்படி திரும்ப வேண்டாம்.

ஆயாவின் நினைப்பு வரும்போது என் மனத்தில் கூடவே வந்து உட்காருகிற இன்னொரு பெண்மணி காரைக்குடியைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஜாஸ் பியானோ கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன். என் மகன் அங்கே வேலைக்குப் போன புதிதில், “அம்மா, இதைக் கேளுங்க, நம்ம தம்புரா மாதிரி இருக்கு” என்று ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினான். மாதிரி என்ன, தம்புராவேதான். அடியில் ஒரு பாஸ் வாத்தியம் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்க, மேலே ஹார்ப் தந்திகளை யாரோ தண்ணீரில் கை அளைவதுபோல அளைந்துகொண்டிருந்தார். தட்டின் பெயர் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. 1970-இல் பதிவானது, அடுத்த ஆண்டு வெளிவந்தது.

அந்தச் சச்சிதானந்தா யார் என்று விசாரித்தபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த இராமசாமி. கல்யாணமாகி, மனைவியை இழந்து, பேரூர்க் கோயில் நிர்வாகத்தைக் கவனித்து, பிறகு ரிஷிகேசத்தில் பத்தமடைக்காரரான சுவாமி சிவானந்தரிடம் 1949-இல் சந்நியாசம் வாங்கியவர். இலங்கையில் பல ஆண்டு இருந்துவிட்டு அமெரிக்கா போனவர், 1969-இல் வூட்ஸ்டாக் இசைவிழாவில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் அமர்ந்து தொடக்க ஆசியுரை வழங்கினார். கொங்குநாட்டுக் கோயில் ஒன்றில் கணக்குப் பார்த்தவரின் பெயர் ஜாஸ் தட்டின் மேல்.

ஆலிஸ் சிறு வயதிலேயே தேவாலயத்தில் பியானோ வாசித்துப் பழகியவர். பாரிசுக்குப் போய் பட் பவல் என்ற மேதையிடம் கற்றார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை மணந்தார். அவருடைய குழுவில் மெக்காய் டைனர் விலகியபோது பியானோவில் உட்கார்ந்தார். 1967-இல் ஜான் இறந்தார், நாற்பது வயதில். கையில் நான்கு குழந்தைகள். ஜான் சொல்லி வைத்திருந்த ஹார்ப், அவர் போன பிறகுதான் வீடு வந்து சேர்ந்தது. அதை வாசிக்கத் தானே கற்றுக்கொண்டார். துக்கமும் விரதமும் தூக்கமின்மையுமாகக் கழிந்த அந்த நாட்களில்தான் சுவாமியைச் சந்தித்தார், அவரோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1976-இல் காவி உடுத்தார். துரீயசங்கீதானந்தா என்பது அவருடைய புதுப் பெயர்.

1977-இல் ஒரு தட்டு வந்தது. அதில் ‘ஓம் நமசிவாய’ என்று ஓர் உருப்படி: தாய் ஆர்கன், மகன் டிரம்ஸ், வேறு யாருமில்லை. நம் ஊர்ப் பஜனையைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் மிரட்சியாக இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் அதற்குள் ஓர் ஆவேசம் தெரியும், சாமி வந்து ஆடுகிறவர் கண்ணில் தெரிகிற ஆவேசம். அடுத்த ஆண்டு ஒரு நேரடிக் கச்சேரித் தட்டு. அத்தோடு வணிக உலகத்தை விட்டு விலகினார். கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் ஆர்கனும் சிந்தசைசரும் வாசித்தார். பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து அடியார்களுக்குக் கொடுத்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் அவருடைய வாசிப்பை நேரில் கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்த வழிபாட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

ஆலிஸைப் பற்றி எழுதுகிற பலரும் அவர் இசையை விட்டுவிட்டார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாரந்தோறும் வாசித்தவர் எதை விட்டார்? கைதட்டலை விட்டார், கம்பெனி ஒப்பந்தத்தை விட்டார். ஜாஸ் உலகத்திலேயே இன்னொரு பியானோப் பெண்மணி, மேரி லூ வில்லியம்ஸ், 1954-இல் பாரிசில் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலேயே எழுந்து போனார். கத்தோலிக்கராகிப் பிரார்த்தனையிலும் ஏழைகளுக்கு உதவுவதிலும் மூழ்கினார். அவரைத் திரும்பவும் பியானோவில் உட்காரச் சொன்னவர்கள் பாதிரியார்கள். வாசிப்பதையே பிரார்த்தனையாகச் செய்யுங்கள் என்றார்கள். 1957-இல் மேடைக்குத் திரும்பினார். பிறகு ஜாஸ் இசையிலேயே திருப்பலிப் பாடல்கள் அமைத்தார். ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்று நினைத்த ஊரில் அந்த இரண்டு பெண்களும் பட்ட சிரமம் பெரிது. காரைக்குடியில் என் ஆயாவுக்கு அந்தச் சிரமமே இருக்கவில்லை. சாம்பசிவ ஐயருக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் சீடர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது சங்கீதம் எங்கே முடிந்து உபாசனை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் இழந்தது இந்தப் பிரியாத நிலையைத்தான். கச்சேரியை இழக்கவில்லை. டிசம்பரில் சென்னையில் எத்தனை கச்சேரி வேண்டுமானாலும் கேட்கலாம், நானும் கேட்கிறேன், அனுபவிக்கிறேன். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கிறபோது வித்வான் எனக்காக வாசிக்கிறார். ஆயா எனக்காக வாசிக்கவில்லை. நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான். அந்த ஓரத்தில் இருக்கிற சுகம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீணைக்கும் ஜாஸுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. தேவகோட்டை நாராயண ஐயங்காரிடம் வீணை கற்றவர் டாக்டர் எஸ். ராமநாதன். அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது அவரிடம் வந்து வீணை கற்றுக்கொண்ட ஒருவர் ஜான் மெக்லாஃப்லின், ஜாஸ் கிட்டார்க்காரர்களில் முதல் வரிசை ஆள். பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் இவர்களோடு அவர் ‘சக்தி’ குழுவைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அதில் மிருதங்கம் வாசித்தவர் ராமநாதபுரம் ராகவன். அப்போது எங்கள் சிவகங்கைப் பக்கமும் ராமநாதபுரமும் ஒரே மாவட்டம். அந்தக் குழுவுக்காக மெக்லாஃப்லின் செய்வித்த கிட்டாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்து, தந்தியை வீணையில்போல இழுத்து வாசிக்க வழி செய்திருந்தார்கள். அந்தக் கிட்டாரில் அவர் தந்தியை இழுக்கும் காட்சியைக் கண்டபோது எனக்கு ஆயாவின் விரல்தான் தெரிந்தது. தேவகோட்டையிலிருந்து கிளம்பிய ஒன்று நியூயார்க் மேடைவரை போயிருக்கிறது. தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வரத்தான் வழி தெரியவில்லை.

ஆயா 1979-இல் போனார். வீணை இரண்டாங்கட்டில் ஆணியில் தொங்கியது. பங்காளிகளுக்குள் வீடு பிரியாமல், பூட்டிய வீடாக, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடாக ஆயிற்று. போன தை மாதம் போயிருந்தபோது உறையை அவிழ்த்தேன். மெட்டுகளைத் தாங்குகிற மெழுகு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. வருடக்கணக்கில் கை படாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். இருபத்துநாலு மெட்டில் பாதி உதிர்ந்து உறைக்குள் கிடந்தது. யாளி முகத்தில் ஒரு காது இல்லை. சுரைக்காயைப் பூச்சி அரித்திருந்தது. குடத்தைத் தட்டிப் பார்த்தேன். பலாமரம் கெட்டியாக இருந்தது.

“பழைய சாமான் வாங்குறவங்க நல்ல விலை தருவாங்க அக்கா,” என்றான் சித்தப்பா மகன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஊர் வீடுகளின் தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் எனாமல் பாத்திரமும் அப்படித்தான் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வந்து அடுக்கப்பட்டன. அங்கிருந்து ஓட்டல் முகப்புகளுக்குப் போயின. ஓட்டல் சுவரில் அலங்காரத்துக்குத் தொங்குகிற வீணைகளை நான் பார்த்திருக்கிறேன். விற்க மாட்டேன் என்றேன்.

தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. ஆனால் செய்கிறவர்களின் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது என்று நான் போன பட்டறையில் சொன்னார்கள். ஆசாரி வீணையைத் திண்ணையில் கிடத்தி, தண்டியின் மேல் கண்ணை வைத்து ஓட்டம் பார்த்தார். வளையவில்லை. புது மெழுகு போட்டு மெட்டு வைப்பதைக் கொஞ்ச நேரம் காட்டினார். மெழுகை இளக்கித் தண்டியின் இரண்டு ஓரத்திலும் சுவராக ஏற்றுகிறார். பிறகு வெண்கல மெட்டை ஒவ்வொன்றாகப் பதித்து, மீட்டி, காதை வைத்துக் கேட்டு, நகத்தால் நகர்த்துகிறார். எந்திரம் எதுவும் கிடையாது. தந்தியின் சுரத்தோடு மெட்டின் சுரம் ஒட்டுகிற இடம் அவர் காதுக்குத்தான் தெரியும். “இந்த வீணைக்கு நல்ல நாதம்மா. நிறைய வாசிச்ச வீணை. வாசிக்க வாசிக்கத்தான் மரம் திறக்கும்,” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மகன் அமெரிக்காவுக்கே அனுப்பச் சொல்கிறான், அங்கே பேத்தி கற்றுக்கொள்கிறாளாம். மகள் சென்னையில் அவள் வீட்டுக்குக் கேட்கிறாள். இருவருக்கும் வருத்தம்தான். அவர்களுக்கு வேறு வீணை வாங்கித் தருகிறேன், மெட்டு வைத்துப் புதிதாகவே. இதை ஊருக்குத்தான் எடுத்துப் போகப் போகிறேன். பட்டாலையைத் திறந்துவிடுவதற்குப் பங்காளிகளிடம் பேசியாயிற்று. மூன்று பேர் சரி என்றார்கள், மலேசியாவில் இருக்கிற ஒருவரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன். கற்றுக்கொடுக்க ஆசிரியை ஒருவர் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் வரச் சம்மதித்திருக்கிறார். தெருவில் யார் வீட்டுப் பிள்ளையானாலும் வரலாம், காசு வேண்டாம், எந்தச் சாதி என்று கேட்கப் போவதில்லை. அரங்கேற்றம் வைக்கப் போவதில்லை என்று ஆசிரியையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. விளக்கு வைத்த பிறகு வாசித்தால் போதும், யாராவது இருந்தால் கேட்கட்டும் என்றேன். பங்குனியில் வீணை தயாராகிவிடும் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார்.